போர்களுக்கு நடுவே ஒரு பாத்திரக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்துகொண்டிருக்கும் இடைக்கால உலக வரலாற்றுத் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படித்து வருகிறேன். சென்ற வாரப் பகுதி சிலுவைப் போர்களைப் பற்றியது. 1099-இல் ஜெருசலேம் வீழ்ந்ததும், 1148-இல் டமாஸ்கஸ் முற்றுகை தோற்றதும், 1187-இல் சலாவுதீன் ஜெருசலேமை மீட்டதும் விறுவிறுப்பாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் கட்டுரையை முடிக்கும் இடத்தில், அந்த நூற்றாண்டில் மதமும் பேரரசும் மனிதர்களைப் பிரித்தே வைத்தன, வணிகம் எங்கோ ஓர் ஓரத்தில் தன்பாட்டுக்கு நடந்தது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் கும்பகோணத்தில் பித்தளை, வெண்கலப் பாத்திரக் கடை நடத்துபவன். எங்கள் தாத்தா காலத்துக் கடை. பழைய பாத்திரத்தை எடை போட்டு எடுத்துக்கொண்டு, கூலியும் கழிவும் கணக்குப் பார்த்துப் புதுப் பாத்திரம் கொடுப்பது எங்களுக்கு அன்றாட வேலை. ஓட்டை விழுந்த தவலை, கழுத்து ஒடிந்த சொம்பு, கால் போன குத்துவிளக்கு எல்லாம் எங்கள் தராசில் ஏறும். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் தம் வீட்டுப் பழைய பாத்திரங்களை மாற்ற வந்தபோது, இதே வேலைக்காக 12-ஆம் நூற்றாண்டில் இன்றைய ஏமன் நாட்டிலுள்ள ஏடன் துறைமுகத்திலிருந்து நம் மேற்குக் கரைக்கு எழுதப்பட்ட கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது என்றார். நான் விடாமல் கேட்டதால் அந்தக் கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் படித்த பிறகு அந்தக் காலத்தைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் மாறிவிட்டது.

அந்தக் கடிதத்தில் ஏடன் வியாபாரி கேட்டிருப்பதைச் சொல்கிறேன். உடைந்த செம்புப் பாத்திரங்களைக் கப்பலில் அனுப்புகிறார். அவற்றை உருக்கிச் செய்ய வேண்டியவற்றில் ஒன்று விளக்குத் தண்டு. தண்டு எட்டுப் பட்டையாக, தடிமனாக இருக்க வேண்டும். அடிப்பாகம் உறுதியான கால்களோடு இருக்க வேண்டும். தலைப்பக்கம் இரண்டு திரி போடும்படி இரு முனை கொண்ட விளக்கு, அது தண்டில் மேலும் கீழும் நகர வேண்டும். தண்டு, அடி, விளக்கு மூன்றும் தனித்தனியாகக் கழல வேண்டும். கால்களை முறுக்கிச் செய்ய முடியுமானால் அப்படியே செய்யட்டும், அதுதான் அழகு என்றும் சேர்த்திருக்கிறார். நாச்சியார்கோவில் பட்டறையில் இதைப் படித்துக் காட்டினால், மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் வார்த்துக் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவு தெளிவான ஆர்டர். இன்றைக்கு என் கடைக்கு வருகிறவர்கள்கூட இவ்வளவு விவரமாகச் சொல்வதில்லை.

இந்த ஒரு விளக்குத் தண்டுக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஆர்டர் கொடுத்தவர் யூதர். அவர் வாழ்ந்த ஏடனை ஆண்டவர்கள் ஜுரையர்கள். அவர்கள் ஷியா இஸ்லாத்தின் இஸ்மாயிலிப் பிரிவினர், கெய்ரோவிலிருந்த ஃபாத்திமிய கலீஃபாவைத் தலைவராக ஏற்றவர்கள். ஆர்டரைப் பெற்றுக்கொண்டவர் ஆபிரகாம் பென் யிஜூ. இன்றைய துனிசியாவிலுள்ள மஹ்தியா நகரத்தில் பிறந்த யூதர், மங்களூர்ப் பக்கத்தில் தங்கி வெண்கலப் பட்டறை நடத்தியவர். மங்களூரில் ஆண்டவர்கள் ஆளுப மன்னர்கள். பட்டறையில் வார்த்தவர்கள் நம் ஊர்க் கன்னார்களைப் போன்ற உள்ளூர்க் கைவினைஞர்கள். சரக்கு ஏறிய கப்பல்களில் பல முஸ்லிம்களுடையவை, சில இந்திய வணிகர்களுடையவை. கடிதம் எழுதிய தாளோ எகிப்தில் செய்தது.

தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் கரையில் அப்போது ஓலைதான். தாள் கிடைக்காது. அதனால் ஏடன் நண்பர்கள் ஆண்டுதோறும் பென் யிஜூவுக்குச் சர்க்கரை, உலர்திராட்சை, பாய் ஆகியவற்றோடு எகிப்தியத் தாள்கட்டும் அனுப்பினார்கள். மதிப்பில்லாத சில பொருள்களை அனுப்பியிருக்கிறேன் என்று பணிவாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தாள் எவ்வளவு உயர்ந்த ரகம் என்பதையும் சொல்லிவிடுவார்கள். அந்தத் தாளை பென் யிஜூ வீணாக்கவில்லை. தமக்கு வந்த கடிதங்களின் பின்பக்கத்திலும் ஓரத்திலும் தம் கணக்குகளை எழுதினார். தாளில் இறைவன் பெயர் இருக்கக்கூடும் என்பதால் எழுதிய தாளை எறியக் கூடாது என்பது யூதர்களின் வழக்கம். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அதற்கென்றே ஓர் அறை இருந்தது. அங்கே நூற்றாண்டுக் கணக்கில் தாள்கள் சேர்ந்து கிடந்தன. 1896-இன் கடைசியில் கேம்பிரிட்ஜிலிருந்து போன சாலமன் ஷெக்டர் அவற்றில் ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கொண்டுபோனார். எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழிக் கடிதங்கள் அவற்றில் ஏராளம். அவற்றுள் இந்திய வணிகம் பற்றியவற்றைத் தேடி எடுத்து, வாழ்நாளெல்லாம் உழைத்துப் படித்தவர் கொய்டைன் என்ற அறிஞர். ஒரு சமயத்தின் விதி இல்லாவிட்டால் இந்தக் கணக்கு ஒன்றுகூட நமக்குக் கிடைத்திருக்காது. கடைக் கணக்கை யார் கோயிலில் வைத்துக் காப்பாற்றுவார்கள்? அவர்கள் காப்பாற்றினார்கள்.

எல்லோரும் மதத்தை வீட்டில் விட்டுவிட்டு வியாபாரம் செய்தார்கள், அதனால்தான் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று சிலர் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. கடிதங்களைப் படித்தால் நிலைமை அதற்கு நேர்மாறானது. அவர்கள் மதத்தைக் கையோடு எடுத்துப் போனார்கள். அதுதான் அவர்களுக்குப் பிணை.

ஒரு சம்பவம். உள்ளூர்த் தரகர் ஒருவரிடம் பென் யிஜூ ஏலக்காய்க்கு முன்பணம் கொடுக்கிறார். அதில் ஏடன் நண்பர்களுக்கும் பங்கு உண்டு. ஏலக்காய் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. பருவக்காற்றை நம்பி ஆண்டுக்கு ஒரு முறை கப்பல் போய்வரும் காலம். வழக்குப் போட ஏடனில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? ஏடன் பங்காளி எழுதுகிறார்: கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவர்களை இங்கே நாங்கள் சமய விலக்கம் செய்துவிடுவோம் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், ஒருவேளை பயப்படுவார், அதற்கும் மசியாவிட்டால் விலக்க ஓலையை முறைப்படி எழுதியே அனுப்பிவைக்கிறோம். எப்படிப்பட்ட நம்பிக்கை பாருங்கள். ஏலக்காய்த் தரகர் யூதரே அல்லர். யூதர்களின் விலக்கம் அவரை என்ன செய்யும்? ஆனாலும், வேறொரு தெய்வத்தின் பெயரால் வரும் சாபத்துக்கும் மனிதன் அஞ்சுவான் என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் வாங்கிய கடனை இல்லை என்று சாதிப்பவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். நீதிமன்றத்தில் துணிந்து பொய் சொல்கிறவனும் அந்தச் சூடத்தின் முன்னால் தயங்குவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஏடன்காரர் எதை நம்பி அப்படி எழுதினார் என்பது ஒரு கடைக்காரனுக்கு விளங்கும்.

பெரிய கப்பல்காரர்கள் விஷயமும் இப்படித்தான். அந்தக் காலத்து இந்தியப் பெருங்கடலில் ரமிஷ்த் என்ற பெயரைத் தெரியாதவர் இருந்திருக்க முடியாது. பாரசீக வளைகுடாவின் சிராஃப் துறைமுகத்திலிருந்து வந்த முஸ்லிம் வணிகர். 1138-ஐ ஒட்டிய ஆண்டில் மெக்காவிலுள்ள கஅபாவுக்குச் சீனத் துணியால் போர்வை சாத்தினார். அதன் மதிப்பு 18,000 எகிப்திய தினார் என்று வரலாற்றாசிரியர் இப்னு அல்-அதீர் எழுதியிருக்கிறார். அதே மெக்காவில் சூஃபித் துறவிகளுக்காக ஒரு தங்குமிடமும் கட்டினார். இவ்வளவு பக்திமானுடைய கப்பல்களில்தான் யூத வியாபாரிகள் தங்கள் மிளகையும் இரும்பையும் நம்பி ஏற்றினார்கள். சீனாவிலிருந்து துணி வருகிறது, மலபாரில் மிளகு ஏறுகிறது, லாபத்தில் ஒரு பங்கு கஅபாவுக்குப் போகிறது. இதில் எது மதம், எது வணிகம் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவதற்கு வழியே இல்லை.

பேரரசு எங்கே போனது என்று கேட்பீர்கள். அதுவும் வருகிறது, வாளோடு வருகிறது. 1135 வாக்கில் வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் ஆட்சியாளர் ஏடனில் பங்கு கேட்டுக் கப்பற்படை அனுப்பினார். ஏறத்தாழ 700 பேர் கடலிலேயே நங்கூரமிட்டு நின்று, உள்ளே வரும் வணிகக் கப்பல்களைப் பிடிக்க இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஊரார் கரையிறங்கவும் விடவில்லை, அவர்களை விரட்டவும் முடியவில்லை. அந்த நேரத்தில் ரமிஷ்தின் இரண்டு பெரிய கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஏடன் வீரர்கள் அவற்றில் ஏறிப் போரிட்டதும் கீஷ் படை கலைந்து ஓடியது. இதைக் கடிதத்தில் எழுதியவர் ஏடன் யூத வியாபாரி. முஸ்லிம் அரசர் ஒருவர் முஸ்லிம் துறைமுகத்தைத் தாக்குகிறார், முஸ்லிம் வணிகரின் கப்பல் அதைக் காக்கிறது, அந்தச் செய்தியை ஒரு யூதர் தம் பங்காளிக்கு எழுதுகிறார். மதப் போர் என்ற ஒரே வார்த்தைக்குள் இதை எப்படி அடைப்பது? சண்டை துறைமுகத்தின் வருமானத்துக்காகத்தான். அந்தத் துறைமுகத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் மத்முன் பின் ஹசன் என்ற யூதர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர் மங்களூரிலிருந்த இந்திய வணிகர்களுக்கு பென் யிஜூ மூலம் விலைநிலவரம் சொல்லி அனுப்புவார்: வரும் ஆண்டு மிளகும் இரும்பும் இங்கே நல்ல விலைக்குப் போகும், மங்களூரிலிருந்து ஒரு கப்பலை ஆயத்தம் செய்து அனுப்ப முடியுமா என்று. கொள்முதல் பேசும் எவரும் இன்றும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

அதற்காக அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஒருபுறம் எல்லாம் ரத்தம் என்கிறார்கள், மறுபுறம் எல்லாம் அன்பு என்று கைபேசியில் செய்தி அனுப்புகிறார்கள். இரண்டும் உண்மையை மறைப்பவை. தங்கள் கட்டுரையில் டமாஸ்கஸ் முற்றுகை நடந்ததாகச் சொன்ன அதே 1148-ஆம் ஆண்டுக் கோடையில், சிசிலியின் நார்மன் அரசர் ரோஜரின் கப்பற்படை மஹ்தியாவைப் பிடித்தது. பென் யிஜூவின் பிறந்த ஊர் அது. வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் அல்மொஹத்துகள் என்ற முஸ்லிம் ஆட்சியாளர்கள் யூதர்களைக் கட்டாய மதமாற்றம் செய்துகொண்டிருந்ததும் இதே ஆண்டுகளில்தான். 1149-இல் பென் யிஜூ தம் பிள்ளைகளோடும் சேர்த்த பொருளோடும் இந்தியாவை விட்டு ஏடன் திரும்புகிறார். செப்டம்பர் 11 அன்று உடன்பிறந்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கடற்கரை ஊர்களுக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டேன், ஆனால் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இறந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு கடிதமும் வரவில்லை என்று எழுதுகிறார். நாம் எல்லோரும் வாழப் போதுமானது என்னிடம் இருக்கிறது, வந்துவிடுங்கள் என்கிறார். பிழைத்தவர்கள் சிசிலிக்கு, அதாவது அந்த ஊரைப் பிடித்த அரசரின் நாட்டுக்கே, போய் வறுமையில் இருந்தார்கள்.

அதே கடிதத்தில் மகளுக்கு வரன் பார்க்கிறார். பின்னர் எழுதிய இன்னொரு கடிதத்தில், ஏடனில் வசதியான குடும்பம் கேட்டும், அயலாரைவிட நம் வீட்டுப் பிள்ளைக்கே உரிமை அதிகம் என்று சகோதரர் மகனுக்குக் கொடுக்க விரும்புகிறார். நம் வழக்கில் பங்காளி முறையில் பெண் கொடுப்பது நினைத்தும் பார்க்க முடியாதது, அவர்களுக்கு அதுவே முறை. 1156-இல் ஃபுஸ்தாத்தில் அந்தத் திருமணம் நடந்தது. மணமகளின் சீர்வரிசைப் பட்டியலின் ஒரு துண்டும் அந்தத் தொழுகைக்கூட அறையில் கிடைத்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் தாய் யார் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. 1132 அக்டோபர் 17 அன்று பென் யிஜூ மங்களூரில் ஆஷு என்ற அடிமைப் பெண்ணை விடுதலை செய்து சாசனம் எழுதினார். அவளுக்கு பெராகா என்ற யூதப் பெயர் வைத்தார். அவர் பிள்ளைகளின் தாய் இவள்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். விடுதலைச் சாசனம் இருக்கிறது என்றால் அதற்கு முன் அவள் விலைக்கு வாங்கப்பட்டவள் என்று பொருள். மிளகு, இரும்பு, பாக்கு ஏறிய அதே வணிகத்தில் மனிதர்களும் சரக்காக இருந்தார்கள். இந்தக் கணக்கேடுகளை நேசிக்கிற நான் அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கலங்குகிறேன். ஆஷு தன் கையால் எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. பென் யிஜூவின் இன்னோர் அடிமை பாமா, எஜமானருக்காக ஏடனுக்கே போய்ச் சரக்கு வாங்கி விற்றவர். பிற்காலக் கடிதங்களில் ஏடன் பெரிய மனிதர்கள் அவரைச் சகோதரர் என்று குறிப்பிட்டு வணக்கம் சொல்கிறார்கள். இதையும் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இது யூத வணிகர்களுக்கு மட்டும் உரிய கதையும் அன்று. அவர்களுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே, 849-இல், கொல்லத்தில் தரிசாப்பள்ளிச் செப்பேடு எழுதப்பட்டது. சேர மன்னர் தாணு ரவியின் காலத்தில் வேணாட்டு அய்யனடிகள் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்கு, கொடுத்த உரிமைகள் அதில் வட்டெழுத்தில் உள்ளன. நிறைகோல் போன்ற வணிகத்தின் அளவைகளை வைத்திருக்கும் பொறுப்பும் பள்ளியாருக்கு வந்தது. சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும், பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. ஊர்த் தராசை யாரிடம் நம்பிக் கொடுப்பது என்பது வியாபாரியின் வாழ்க்கையில் சின்னக் கேள்வி இல்லை. என் கடைத் தராசுக்கு அரசாங்கம் முத்திரை குத்துகிறது. கொல்லத்தில் அந்தப் பொறுப்பை, அரசரின் ஒப்புதலோடு, கடல் கடந்து வந்த ஒரு சமயத்தார் ஏற்றார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் கோரிக்கை இது. தங்கள் தொடரில் மன்னர்களுக்கு ஒரு வாரம், மதங்களுக்கு ஒரு வாரம், வணிகத்துக்குக் கடைசியில் அரைப் பக்கம் என்று பிரிக்க வேண்டாம். இந்தத் தொடரைப் பள்ளிப் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். என் பேத்தியும் ஒட்டுகிறாள். ஜெருசலேம் முற்றுகையின் படத்தை ஒட்டிய பக்கத்துக்கு எதிரே, எட்டுப் பட்டை விளக்குத் தண்டுக்கான ஆர்டரையும் அவள் ஒட்ட வேண்டும். இரண்டும் ஒரே நூற்றாண்டைச் சேர்ந்தவை, ஒரே மனிதர்களின் வாழ்க்கையைத் தொட்டவை.

அடுத்து மங்கோலியப் பேரரசு வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். செங்கிஸ் கானின் படையெடுப்போடு நிறுத்திவிடாமல், சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டையும் சேர்த்து எழுதுங்கள். 1281-இல் குப்லாய் கானின் ஆட்சியில், கானின் அனுமதியோடும், அவருடைய உடல்நலம் வேண்டியும் ஒரு தமிழர் அங்கே சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்தார் என்று அது சொல்கிறது. கல்வெட்டின் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் எழுத்துக் கூட்டிப் படிக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாத்திர வியாபாரி, கும்பகோணம்.